குதிரை மேய்ச்சல் நிலத்திற்கு ஏற்ற வேலி: பாதுகாப்பும் சிக்கனமும்

மாட்டுக்கு ஏற்ற வேலி குதிரைக்கும் ஏற்றதே என்னும் எண்ணம் நாட்டில் பரவலாகக் காணப்படுகிறது. நிலத்தின் எல்லையில் கல்தூண்களை நட்டு, நான்கைந்து வரிசை முள்கம்பி இழுத்துக் கட்டிவிட்டால் மேய்ச்சல் நிலம் காவலுக்குள் வந்துவிட்டதெனப் பலரும் கருதுகின்றனர். மாட்டின் தோல் தடித்தது. அதன் போக்கு நிதானமானது. முள் உறுத்தியதும் அது பின்வாங்கி நிற்கும். குதிரையோ ஓட்டத்தையே தற்காப்பாகக் கொண்ட பிராணி. அச்சமுற்ற குதிரை எதிரில் உள்ள கம்பியைக் காணுமுன் அதன்மீது பாய்ந்துவிடும். சிக்கிய காலை விடுவித்துக்கொள்ள உதறி இழுக்கும். இழுக்குந்தோறும் முள் ஆழமாகக் கிழிக்கும். வண்டியிழுக்கும் குதிரையோ சுமை சுமக்கும் கோவேறு கழுதையோ இவ்வாறு ஒரு காலை இழக்குமாயின், அதனை நம்பிய குடும்பத்தின் வருவாய் அன்றே நின்றுவிடும்.

இந்தியாவில் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 6.2 லட்சமாக இருந்த குதிரைகள், மட்டக்குதிரைகள் ஆகியவற்றின் தொகை, 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிதி, ஜன்ஸ்காரி, பூட்டியா, மணிப்பூரி முதலிய நாட்டினங்கள் அருகிவரும் இக்காலத்தில், எஞ்சியுள்ள ஒவ்வொரு பிராணியையும் தவிர்க்கக்கூடிய விபத்திலிருந்து காப்பது இன்றியமையாததாகும். மணிப்பூரில் மேய்ச்சல் வெளிகள் சுருங்கிவிட்டமையால், மட்டக்குதிரைகள் இம்பால் நகரின் தெருக்களில் அலைந்து வாகனங்களில் மோதுண்டு இறப்பதும் உண்டு. எனவே வேலி இல்லாமையும் கேடு. பொருந்தா வேலியும் கேடு. குறைந்த பொருட்செலவில் பொருத்தமான வேலியைத் தேர்ந்தெடுக்கும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

குதிரையின் இயல்பும் உடலமைப்பும்

குதிரையின் கண்கள் தலையின் இருபுறங்களிலும் அமைந்துள்ளன. ஆகவே நிற்குமிடத்திலிருந்தே தன்னைச் சுற்றிலும் பெரும்பகுதியை அது காணவல்லது. எனினும் நெற்றிக்கு நேர் எதிரே மிக அண்மையிலுள்ள பகுதியும், உடலுக்கு நேர் பின்னுள்ள பகுதியும் அதன் பார்வைக்கு அகப்படுவதில்லை. மெல்லிய கம்பி, பின்னணியிலுள்ள புல்லுடனும் புதருடனும் கலந்து அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். மேலும் குதிரை நீலம், மஞ்சள் ஆகிய நிறங்களை நன்கு பிரித்தறியும்; சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறிவது அதற்கு அரிது. பிரிட்டனில் பந்தயக் குதிரைகள் தாண்டும் தடைகளில் நெடுங்காலமாகப் பூசப்பட்டுவந்த ஆரஞ்சு நிறம், குதிரைப் பார்வை பற்றிய ஆராய்ச்சியின் பயனாக, 2022ஆம் ஆண்டு முதல் வெண்மையாக மாற்றப்பட்டது. வேலியின் மேல்வரிசைக்கு வெண்மை நிறமே ஏற்றது என்பதை இதனால் அறியலாம்.

அடுத்துக் கவனிக்கத்தக்கது காலின் அமைப்பு. முன்காலில் முழங்காலுக்குக் கீழும், பின்காலில் கணுவுக்குக் கீழும் தசை கிடையாது. அங்கே எலும்பு, தசைநாண்கள், மூட்டுகள், அவற்றைப் போர்த்திய மெல்லிய தோல் ஆகியவை மட்டுமே உள்ளன. இரத்த ஓட்டமும் குறைவு. ஆகவே இப்பகுதியில் ஏற்படும் காயம் மெதுவாகவே ஆறும். காயத்தின் மேல் மிகைச்சதை வளர்ந்து தோல் மூடுவதைத் தடுப்பதும் உண்டு. முள் மூட்டுக்குள்ளோ தசைநாண் உறைக்குள்ளோ பாய்ந்து கிருமி புகுந்தால், வெளிக்காயம் சிறிதாயினும் குதிரை நிரந்தர நொண்டியாகலாம். மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியால் வரும் ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்குக் குதிரை மிக எளிதில் இலக்காகும். வேலி எத்தகையதாயினும் இந்நோய்க்கான தடுப்பூசியைத் தவறாது போடுதல் வேண்டும்.

நல்ல வேலியின் இலக்கணம்

மேற்கூறியவற்றிலிருந்து குதிரை வேலிக்கு வேண்டிய நான்கு பண்புகள் பெறப்படுகின்றன. முதலாவது, தொலைவிலிருந்தும் மங்கிய ஒளியிலும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரண்டாவது, குதிரை மோதினால் அறுக்காமலும் குத்தாமலும் இருக்க வேண்டும். மூன்றாவது, குளம்போ தலையோ நுழைந்து சிக்கும் இடைவெளி இருத்தலாகாது. நான்காவது, குதிரை சாய்ந்தாலும் உரசினாலும் நிலைகுலையாமல் நிற்க வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தமட்டில், மார்வாரி, கத்தியவாரி போன்ற இனங்களுக்கு 1.4 முதல் 1.5 மீட்டர் போதுமானது. மட்டக்குதிரைகளுக்கு 1.2 மீட்டர் போதும். பொலிக்குதிரைகளுக்கு 1.5 முதல் 1.8 மீட்டர் வரை தேவைப்படும். கம்பத்தின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்ணுள் இருப்பது நலம். மூலைக் கம்பங்களும் வாயிற்கம்பங்களும் பிறவற்றைவிடப் பருமனாகவும், சாய்தாங்கியுடனும் அமைதல் வேண்டும். கம்பியின் இழுவிசை முழுவதையும் அவையே ஏற்கின்றன.

சட்டங்களும் வலையும் கம்பத்தின் உட்புறத்தில், அதாவது குதிரை நிற்கும் பக்கத்தில், பொருத்தப்படுதல் வேண்டும். வெளிப்புறத்தில் பொருத்தினால் குதிரை சாயும்போது ஆணிகள் கழன்றுவிடும். ஓடும் குதிரையின் தோள் கம்பத்தில் மோதும். மூலைகள் கூர்ங்கோணமாக இருத்தலாகாது. கூட்டத்தில் வலிய குதிரை விரட்டும்போது எளிய குதிரை மூலையில் அகப்பட்டு, தப்ப வழியின்றி வேலியைத் தாண்ட முயலும். மூலைகளை வளைவாக்குவதோ, ஒரு சட்டத்தைக் குறுக்கே வைத்து மூலையை அடைப்பதோ இவ்விபத்தைத் தவிர்க்கும்.

வேலி வகைகள்

முள்கம்பி: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் 1874ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பரந்த புல்வெளிகளில் மாடுகளைத் தடுத்து நிறுத்துவதற்கே அது பெரிதும் பயன்பட்டது. குதிரைக்கு இது முற்றிலும் ஏற்றதன்று. வாங்கும்போது விலை குறைவாயினும், ஒரு விபத்தின் மருத்துவச் செலவும் வேலை இழப்பும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

வழவழப்பான கம்பி: முள் இல்லை என்பதாலேயே இதனைப் பாதுகாப்பானதெனக் கொள்ளலாகாது. தனித்த மெல்லிய எஃகுக் கம்பி கண்ணுக்குத் தெரியாது; மிகு இழுவலிமை கொண்ட கம்பி அறுபடாமல் கத்திபோல் சதையை வெட்டும். மேலே வெண்ணிற நாடாவோ மரச்சட்டமோ அமைத்து, நடுவில் மட்டும் இதனைப் பயன்படுத்தலாம்.

மரச்சட்டமும் மூங்கிலும்: மூன்று அல்லது நான்கு சட்டங்கள் கொண்ட மரவேலி நன்கு தெரியும்; மோதினால் பெரும்பாலும் சிராய்ப்போடு போகும். ஆனால் விலை மிகுதி. கறையான் தொல்லையும் உண்டு. பெரிய குதிரைப் பண்ணைகளுக்கு இது இயலும். சிறு உரிமையாளர்க்கு எல்லை முழுவதும் அமைப்பது அரிது. மூங்கில் எளிதில் கிடைக்கும் வடகிழக்கு மாநிலங்களில், முற்றிய மூங்கிலைச் சட்டமாகப் பயன்படுத்தலாம். பிளந்த மூங்கிலின் விளிம்பு கூர்மையானது. முறிந்த முனை ஈட்டி போன்றது. ஆகவே முழு மூங்கிலையே பயன்படுத்தி, முறிந்ததை அன்றே மாற்ற வேண்டும். குதிரைகள் மரத்தைக் கடிக்கும் இயல்புடையன. ஈயம் கலந்த வண்ணத்தைப் பூசினால் ஈய நஞ்சு உடலில் சேரும்.

கம்பிவலை: கண்ணின் அளவே இங்கு முக்கியம். 5 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணுடைய வலையில் குளம்பு நுழையாது. 15 செ.மீ. சதுரக் கண்ணுடைய மாட்டு வலையிலோ குளம்பு எளிதில் நுழைந்து, திரும்ப வராமல் சிக்கிக்கொள்ளும். பொதுவிதி யாதெனில், இடைவெளி 7 செ.மீ.க்குக் குறைவாகவோ, கால் தடையின்றி வெளிவரத்தக்கதாய் 30 செ.மீ. அளவிலோ இருத்தல் வேண்டும்; இரண்டிற்கும் இடைப்பட்டது ஆபத்தானது. குட்டிகளுள்ள நிலத்திற்குச் சிறுகண் வலையே சிறந்தது. வலையின் மேல் விளிம்பில் மரச்சட்டமோ அகன்ற வெண்ணிற நாடாவோ சேர்த்தால் அது கண்ணுக்கும் தெரியும். குதிரை சாய்வதால் வலை தொய்வதும் குறையும்.

உயிர்வேலியும் கல்வேலியும்: கல் மலிந்த இடங்களில் தளர்கல் சுவர் நீடித்து நிற்கும். தமிழ்நாட்டில் காங்கயம் பகுதியின் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிலும் கிளுவை மரத்தால் அமைந்த உயிர்வேலி தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வருகிறது. அது மாடுகளுக்கென அமைந்தது; முள்ளுடையது. குதிரைகளுக்கு இத்தகைய உயிர்வேலியை வெளியரணாகக் கொண்டு, உட்புறத்தில் ஒரு நாடா வரிசை அமைத்தல் நலம். உயிர்வேலிக்குச் செடி தேரும்போது நஞ்சை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். அரளி, மஞ்சள் அரளி, ஆமணக்கு, காட்டாமணக்கு, நெய்வேலிக் காட்டாமணக்கு, உண்ணிச்செடி ஆகியவை குதிரைக்கு நஞ்சாவன. சூபாபுல் எனப்படும் சவுண்டல் தழையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிர்ந்துவிடும்.

மின்வேலியும் அதன் விதிகளும்

குறைந்த செலவில் குதிரையை வேலியிலிருந்து விலக்கி நிறுத்தும் சாதனம் மின்வேலியாகும். ஏறத்தாழ 4 செ.மீ. அகலமுள்ள வெண்ணிற நாடாவில் மெல்லிய உலோக இழைகள் நெய்யப்பட்டிருக்கும். மின்துடிப்புக் கருவி, வினாடிக்கு ஒருமுறைக்கு மேற்படாமல், மிக நுண்ணிய நேரமே நீடிக்கும் துடிப்பை அதில் செலுத்தும். அழுத்தம் பல ஆயிரம் வோல்ட் ஆயினும், துடிப்பின் ஆற்றல் வரையறைக்கு உட்பட்டதாதலின் அது வலியை உண்டாக்குமேயன்றி உயிரைப் பறிக்காது. ஒருமுறை தீண்டிய குதிரை மீண்டும் அணுகாது.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைப்பது இதற்கு நேர்மாறானது. அது கொலைக்கருவி, சட்டத்திற்கும் புறம்பானது. இத்தகைய இணைப்புகளால் யானைகளும், இரவில் வயலுக்குச் சென்ற மனிதர்களும் மாண்ட நிகழ்ச்சிகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்துள்ளன. தரநிர்ணயத்திற்கு உட்பட்ட கருவியை மட்டுமே வாங்குமாறு களப்பணியாளர் வற்புறுத்துதல் வேண்டும். மின்தொடர்பு ஒழுங்காக இல்லாத இடங்களில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெறும் மின்கலக் கருவி பொருந்தும். முள்கம்பியில் மின்துடிப்பைச் செலுத்துதல் கூடாது. அதில் சிக்கிய உயிர் விடுபட இயலாது. பொதுவழியை ஒட்டிய பகுதியில் எச்சரிக்கைப் பலகைகள் வைத்தல் வேண்டும்.

மின்வேலி பயன்படவில்லை என்னும் குறைகளுள் பல, நில இணைப்பின் குறையால் விளைவன. துடிப்பு குதிரையின் உடல் வழியாக மண்ணில் இறங்கி, நிலத்தண்டு வழியாகக் கருவிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உண்டாகும். ஆகவே 2 மீட்டர் நீளமுள்ள மூன்று நிலத்தண்டுகளேனும், ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தொலைவில், ஈரம் தங்கும் இடத்தில் அடிக்கப்படுதல் வேண்டும். அவை வீட்டு மின் இணைப்பின் நிலத்தண்டிலிருந்து 10 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். ராஜஸ்தான் போன்ற வறண்ட மணற்பாங்கான இடங்களில் கோடையில் மண் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அங்கே வேலியிலேயே துடிப்பு வரிசையும் நில இணைப்பு வரிசையும் மாறிமாறி அமைதல் வேண்டும். ஸ்பிதி, ஜன்ஸ்காரி போன்ற குளிர்நாட்டு மட்டக்குதிரைகளின் அடர்ந்த குளிர்கால மயிரும் அதிர்ச்சியைக் குறைக்கும். வேலியின் கடைசி முனையிலும் 3,000 வோல்ட்டுக்குக் குறையாமல் உள்ளதா என்பதை அளவுகருவியால் சோதிப்பது நன்று.

மின்துடிப்பு எந்நேரமும் நின்றுபோகக்கூடும். ஆதலின் சாலையோரத்திலும் இருப்புப்பாதை அருகிலும் மின்நாடாவை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அங்கே உறுதியான வலையோ மரச்சட்டமோ தேவை.

செலவைக் குறைக்கும் வழிகள்

சிக்கனம் என்பது மலிவான பொருளை வாங்குவதன்று. வேலியின் நீளத்தைக் குறைப்பதிலேயே அது தொடங்குகிறது. ஒரு ஹெக்டேர் நிலம் 100 மீட்டர் பக்கமுள்ள சதுரமாயின் சுற்றளவு 400 மீட்டர். அதே பரப்பு 200 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உடையதாயின் சுற்றளவு 500 மீட்டர். 400 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமுமாயின் 850 மீட்டர். பரப்பு ஒன்றாயினும் வேலிச்செலவு இருமடங்குக்கு மேலாகிறது. நீண்டு ஒடுங்கிய நிலமுடையோர் அதன் முழு எல்லைக்கும் மலிவான முள்கம்பி கட்டுவதைவிட, சதுரமான ஒரு பகுதிக்கு மட்டும் நல்ல வேலி அமைப்பது மேல்.

இரண்டாவது வழி, கம்பங்களின் இடைவெளியைத் திட்டமிடுதல். 400 மீட்டர் சுற்றளவில் மரச்சட்டத்திற்காக 2.5 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் 160 கம்பங்கள் வேண்டும். இழுத்துக் கட்டிய நாடாவுக்கும் கம்பிக்கும் 4 மீட்டர் இடைவெளி போதுமாதலால் 100 கம்பங்கள் போதும். மேலும், மூன்று வரிசை மரவேலிக்கு 1,200 மீட்டர் சட்டம் தேவை. கம்பிவலையுடன் ஒரே ஒரு மேற்சட்டம் அமைத்தால் 400 மீட்டர் சட்டம் போதும்.

மூன்றாவது வழி, இடத்திற்கேற்ப வகையை மாற்றுதல். சாலையோரம், வாயில், தண்ணீர்த்தொட்டி, தீவனமிடும் இடம் ஆகியவற்றின் அருகே குதிரைகள் நெருக்கியடிக்கும். அங்கு மட்டும் வலையும் சட்டமும் அமைத்து, எஞ்சிய பகுதியில் மூன்று வரிசை மின்நாடா கட்டலாம். நிலத்தை உட்பிரிவு செய்து மாற்றி மாற்றி மேய்ப்பதற்குப் பெயர்த்து நடக்கூடிய இலேசான கம்பங்களில் ஒன்றிரண்டு மின்நாடா போதும். எனினும் இரு பொலிக்குதிரைகளை அடுத்தடுத்த நிலங்களில் விடுவதாயின், இடையில் 3 மீட்டருக்குக் குறையாத வழி விட்டு இரட்டை வேலி அமைத்தல் அவசியம்.

நான்காவதாக, விலையை ஆயுளால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். சந்தை விலையாகக் கொள்ளாமல் கணக்கிற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோமாயின், மீட்டருக்கு 100 ரூபாய் விலையில் 5 ஆண்டு நிற்கும் வேலிக்கு ஆண்டுதோறும் 10 ரூபாய் பழுதுபார்ப்புச் செலவென்றால், ஆண்டுச் செலவு 30 ரூபாய். மீட்டருக்கு 180 ரூபாய் விலையில் 15 ஆண்டு நிற்கும் வேலிக்குப் பழுதுபார்ப்பு 4 ரூபாயென்றால், ஆண்டுச் செலவு 16 ரூபாய். முதலில் மலிவாகத் தோன்றியதே இறுதியில் விலை மிக்கது.

முள்கம்பி ஏற்கெனவே உள்ள இடங்களில்

முழு வேலியையும் ஒரே முறையில் மாற்ற எல்லோராலும் இயலாது. காட்டு விலங்குகள், அயலார் மாடுகள் ஆகியவற்றைத் தடுக்க முள்கம்பி தேவைப்படும் இடங்களும் உண்டு. அத்தகைய நிலங்களில் முதலில் தொய்ந்த, அறுந்த கம்பிகளை அகற்றுதல் வேண்டும், இதற்குப் பணச்செலவில்லை. நிலத்தில் புதைந்து கிடக்கும் கம்பித்துண்டுகளும் பொறுக்கப்படுதல் வேண்டும். பின்னர் முள்வேலிக்கு ஒரு மீட்டர் உட்புறமாகத் தனிக்கம்பங்களில் இரண்டு வரிசை மின்நாடா கட்டினால், குதிரை முள்ளை அணுகாது. அதுவரையில் மேல்கம்பியில் வெண்ணிறத் துணி அல்லது சாக்குக் கீற்றுகளை இரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் கட்டுவது இடைக்காலக் காப்பாகும். அது வேலியைக் காட்டுமேயன்றி முள்ளின் தீங்கைப் போக்காது என்பதை உரிமையாளர்க்கு எடுத்துரைக்க வேண்டும். இரும்புக் கம்பங்களின் கூர்முனைகளுக்குத் தவறாது மூடியிடுதல் வேண்டும். தாண்ட முயலும் குதிரையின் வயிற்றில் அவை பாயும்.

பழக்குதலும் பராமரிப்பும்

புதிய வேலிக்குள் குதிரையை முதன்முதலாக இரவில் விடலாகாது. பகலில் கயிற்றைப் பிடித்து வேலியோரமாக நடத்திச் சென்று, எல்லை முழுவதையும் காட்டிய பின்னரே அவிழ்த்துவிட வேண்டும். தாயுடன் குட்டியையும் அவ்வாறே பழக்குதல் நலம். தீபாவளி வெடி, இடிமழை, திருவிழா வாணம் ஆகிய காலங்களில் கூட்டமாக வெருண்டு ஓடுவது குதிரையின் இயல்பாதலால், அந்நாட்களில் இரவில் லாயத்தில் கட்டுவது உத்தமம்.

வாரம் ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து பார்த்தல் வேண்டும். எழும்பி நிற்கும் ஆணி, தளர்ந்த நாடா, கறையான் அரித்த கம்பம், மின்நாடாவைத் தொடும் புல், மழை அரித்த பள்ளம் ஆகியவை கண்டவுடன் சீர்செய்யத்தக்கன. வாயிற்கதவு வேலியின் உயரமே இருத்தல் வேண்டும். கதவுக்கும் கம்பத்துக்கும் இடையே குளம்பு சிக்கும் சந்து இருத்தலாகாது.

முன்னெச்சரிக்கைகளையும் மீறிக் காயம் நேர்ந்தால், குதிரையை அமைதிப்படுத்தி, கம்பியை வெட்டி விடுவித்தல் வேண்டும். காலை இழுத்தல் கூடாது. தூய துணியால் அழுத்திக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தி, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மூட்டருகே உள்ள காயம் எவ்வளவு சிறியதாயினும் அன்றே காட்டப்படுதல் வேண்டும்.

பயிற்சிக்குரிய வினாக்கள்

1. மாட்டுக்கு ஏற்ற வேலி குதிரைக்கு ஏற்றதாகாமைக்குக் காரணங்கள் மூன்று கூறுக.

2. 160 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தின் சுற்றளவைக் காண்க. அதே பரப்புள்ள சதுர நிலத்தின் சுற்றளவோடு ஒப்பிடுக. 4 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் மிச்சமாகும் கம்பங்கள் எத்தனை?

3. வறண்ட மணல் நிலத்தில் மின்வேலியின் அதிர்ச்சி குறைவது ஏன்? அதற்கு மாற்று யாது?

4. அருகிலுள்ள ஒரு குதிரை உரிமையாளரின் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, நெருக்கடி மிகுந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, பணம் குறைவாக உள்ள நிலையில் முதலில் எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்பதைக் காரணத்துடன் எழுதுக.